முன்வாசல் வழியாகப் பினாங்கு

1

என் மனைவிக்குப் புத்தி கெட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் வீடு பினாங்கின் டத்தோ கிராமாட்டில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. அங்கிருந்து ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத் தூரத்தில், வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்குகிற ஓட்டல் ஒன்றில், சனியும் ஞாயிறும் தங்க ரோஸ் அறை எடுத்துவிட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். சொந்தக் கட்டில் வீட்டில் கிடக்கும்போது காசு கொடுத்து அடுத்தவன் கட்டிலில் போய்ப் படுக்க எவனுக்காவது தோன்றுமா? நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுச் சீன அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ரோஸ் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "முடிஞ்சிச்சா? இப்ப நான் சொல்றத கேளுங்க," என்றாள்.

அதைச் சொல்வதற்கு முன் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தோணி அண்ணன் திருச்சி பாலக்கரையில் இருக்கிறார். ரோஸ் பினாங்கிலிருந்து குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வந்திருந்தபோது பெண் பார்த்து, பேசி முடித்து, என்னை இந்த ஊருக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். வந்த நாளிலிருந்து "திரும்பி வந்துடுவேன்ணே" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் கொஞ்சம் காசு சேரட்டும் என்றேன். பிறகு ஷெரின் படிப்பு முடியட்டும் என்றேன். ஷெரின் எங்கள் ஒரே மகள். அவள் படிப்பை முடித்து, கோலாலம்பூரில் வேலைக்கும் போய்விட்டாள். சாக்கு தீர்ந்துவிட்டது. அண்ணன் சும்மா இருப்பவர் இல்லை. தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு விலைக்கு வருவதைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டார். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் நான் உண்டு, இல்லை என்று சொல்லியாக வேண்டும். உண்டு என்று சொல்லத்தான் இருந்தேன்.

ரோஸ் சொன்னது இதுதான்: "நான் பொறந்ததிலேருந்து இங்கதான் இருக்கேன். வேற ஊரு எனக்குத் தெரியாது. இருந்தாலும் வர்றேன். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ரெண்டு நாளைக்கு, புதுசா வந்த ஆள் மாதிரி இந்த ஊர பாருங்க. திங்கக்கிழமை காலையிலயும் போகணும்னு தோணுச்சின்னா அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடுங்க. நான் பெட்டி கட்டுறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்லா."

அவள் பேசாமல் இருப்பேன் என்றால் பேசாமல் இருப்பாள். அதுதான் எனக்குப் பயம். சண்டை போட்டால் நானும் போடலாம். துணியை மடித்துக்கொண்டே சரி என்கிறவளிடம் என்ன செய்வது?

கூடவே இரண்டு நிபந்தனை வைத்தாள். யார் கேட்டாலும் நான் திருச்சியிலிருந்து முதல் முறையாக வந்தவன். அடுத்தது, எந்த ஏசி மேலும் கை வைக்கக் கூடாது.

2

நான் முன்பு பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு என் கோபங்கள் தெரியும். வெயிலும் மழையும் ஒரே நாளில் அடிக்கிற ஊர். காயவே காயாத துணி. இனிக்கிற சாம்பார். புதிதாக வந்தபோது வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்து உட்கார வேண்டும். நான் இன்னும் கணவன்தான் என்பதற்குச் சாட்சியாக ரோஸும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு வருடம் ஷெரினை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? புகைப்படத்தின் பின்னணி நிறம் வேறாக இருந்ததால் மறுபடி படி இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தோம். எனக்குக் கிடைத்த அனுமதியின் பெயரே வருகையாளர் அனுமதி. பல வருடம் கழித்துத்தான் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை கையில் வந்தது.

பேச்சும் கெட்டுப்போனது. ஒருநாள் தொலைபேசியில் அண்ணனிடம், "பசார் பக்கம் ஒரே ஜாம்லா, கெரேத்தா நகரவே இல்ல," என்றேன். சந்தை, காரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்த அண்ணியிடம் "ஏதோ பாஷைல திட்டுறான்டி" என்றார். மகள் கதை இன்னும் மோசம். ஷெரின் சிநேகிதிகளோடு ஹொக்கியன் சீனத்தில் சிரிப்பாள், அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் பேசுவாள், என்னோடு பேசும்போது மட்டும் தமிழைப் பொறுக்கி எடுத்து அடுக்குவாள். அவள் அடுக்கி முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏசி மாட்டுகிறவன், பழுது பார்க்கிறவன். ஒரு வேன், இரண்டு ஆட்கள், ஓர் ஏணி. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகள் எல்லாம் இப்போது ஓட்டலாகவும் காப்பிக் கடையாகவும் மாறிவிட்டன. அவற்றுக்குள் எங்களை முன்வாசல் வழியாக விட மாட்டார்கள். வருகிறவர்கள் ஏணியைப் பார்த்தால் அழகு கெட்டுவிடுமாம். பின்சந்து வழியாகப் போக வேண்டும். சாக்கடை, குப்பைத்தொட்டி, அடுப்படி, பின்படிக்கட்டு, கூரை. இப்படியே இந்த ஊரை எனக்குத் தெரியும். ஒரு மனிதனை இருபத்தைந்து வருடம் முதுகுப் பக்கமாகவே பார்த்துவிட்டு அவன் மூஞ்சி நன்றாக இல்லை என்று சொன்னால் எப்படி? நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வருகையாளர் என்று முத்திரை குத்தியிருந்த காலத்தில்கூட நான் எதையும் பார்க்க வரவில்லை. வேலைக்குத்தான் வந்தேன்.

3

சனிக்கிழமை காலை வாடகைக் காரில் போய் இறங்கினோம். வேன் கூடாது என்றுவிட்டாள். ரோஸ் ஓட்டுநருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கே நடக்கிறோம் என்று யோசிக்கவில்லை. கால் தானாகப் போயிற்று. குப்பைத்தொட்டியைத் தாண்டி, சாக்கடைப் பலகையில் கால் வைத்து, கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் செல்வி அக்கா. அந்த ஓட்டலின் அடுப்படியில் வேலை பார்ப்பவர். கையில் வெங்காயம்.

"என்னா சேவியரு, இன்னிக்கி சர்வீஸ் இல்லியே," என்றவர் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். ரோஸ் வற்புறுத்திப் போட வைத்த பூப்போட்ட சட்டை. "சண்ட போட்டுட்டு வூட்ட வுட்டு வந்துட்டியா?"

இல்லை, இங்கே தங்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. ரோஸ் முன்பக்கத்திலிருந்து என்னைத் தேடிக்கொண்டு சந்துக்குள் வந்து, நான் அடுப்படி வாசலில் பெட்டியோடு நிற்பதைக் கண்டு, சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். செல்வி அக்காவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பொம்பளைகள் சிரித்து முடிக்கும்வரை நான் சாக்கடைப் பலகை மேல் நின்றேன்.

பிறகு சுற்றி வந்து முன்வாசல் வழியாக உள்ளே போனேன்.

பதினோரு வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். அந்தக் கதவை உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ நான் பார்த்ததில்லை. இரண்டு ஆள் உயரம். மரத்தில் பூவும் பறவையும் செதுக்கி, பொன்னிறம் பூசியிருக்கிறார்கள். உள்ளே போனால் நடுவில் வானம் திறந்த முற்றம். முந்தின நாள் மழைத் தண்ணீர் ஓரமாக நின்றது, அதில் வெளிச்சம். கால் வைக்கிற ஓடெல்லாம் பூ வேலை. கூரையிலிருந்து இதே முற்றத்தை எத்தனையோ முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அது ஒரு பொத்தல். சுத்தியல் விழுந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன்.

"எப்படி?" என்றாள் ரோஸ்.

"கதவு பரவாயில்ல," என்றேன்.

அறைக்குள் நுழைந்ததும் ஏசி ஒழுகியது. சொட்டு சொட்டாக, கட்டில் தலைமாட்டில். எனக்குக் கை துடித்தது. ரோஸ் விரலை ஆட்டினாள். சுற்றுலாப் பயணி என்ன செய்வானோ அதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி, அறைத் தொலைபேசியில் வரவேற்பறையைக் கூப்பிட்டுப் புகார் சொன்னாள். வரவேற்பறையில் இருந்த மலாய்ப் பெண் புதியவள். என்னைத் தெரியாது. உடனே ஆள் அனுப்புகிறேன் என்றாள்.

ஒரு நிமிடம் கழித்து என் சட்டைப் பையில் கைத்தொலைபேசி அடித்தது.

அந்தப் பெண்தான். ஓட்டலின் ஏசிப் பழுதுக்கு எழுதி வைத்திருக்கும் எண் என்னுடையது. மாடி அறையில் தண்ணீர் ஒழுகுகிறது, விருந்தினர் கோபமாக இருக்கிறார், உடனே வர முடியுமா என்று மலாயில் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விடுமுறையில் இருக்கிறேன், திங்கட்கிழமை காலை வருகிறேன், அதுவரை கீழே ஒரு வாளி வைக்கச் சொல் என்றேன். விருந்தினர் ஒத்துக்கொள்ள மாட்டாரே என்றாள். அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

அறைத் தொலைபேசி அடித்தது. அந்தப் பெண் ரோஸிடம் மன்னிப்புக் கேட்டு, தொழிலாளி திங்கட்கிழமைதான் வருவாராம் என்றாள். ரோஸ் சிரிப்புத் தாங்காமல் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் இவள் இப்படித்தான் சிரிப்பாள். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை என்பதுதான் சரி.

4

மத்தியானம் சாப்பிட காதர் கடைக்குப் போனோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கிற நாசி கண்டார் கடை. வரிசையில் நின்று, தட்டில் சோறு வாங்கி, மீனோ கோழியோ காட்டினால் வைப்பார்கள். அதற்கு மேல் மீன் குழம்பு, ஆட்டுக் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ஒன்றாக ஊற்றிக் குளிப்பாட்டிவிடுவார்கள். இந்த ஊரே அப்படித்தான் சாப்பிடுகிறது. சீனரும் மலாய்க்காரரும் அதற்காக வெயிலில் நிற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். எங்கள் வீட்டில் ஒரு குழம்பை முடித்துவிட்டுத்தான் ரசத்துக்குப் போவோம், ரசத்தை முடித்துவிட்டுத்தான் மோருக்கு. சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? அதனால் காதர் எனக்கு மட்டும் குழம்புகளைச் சின்னக் கிண்ணங்களில் தனித்தனியாகத் தருவார். கடையில் எனக்குத் தனிக் கிண்ணத்து அண்ணன் என்று பெயர்.

ரோஸ் முந்திக்கொண்டு, "இவரு திருச்சிலேருந்து வந்திருக்காருங்க, மொத தடவ," என்றாள். தொலைக்காட்சித் தொடரில் கேட்டுப் பழகிய தமிழில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' சேர்த்து. காதர் என் பூச்சட்டையை மேலும் கீழும் பார்த்தார். காரணம் கேட்கவில்லை.

"வாங்க சார், வாங்க," என்றார். "புது ஆளுங்களுக்கு எல்லாம் கலந்துதான் ஊத்துவோம். ஊத்தவா?"

"ஊத்தினா தட்ட இங்கயே வச்சிட்டுப் போயிடுவேன்."

"திருச்சிக்காரங்க ரொம்பக் கோவக்காரங்க போல," என்று ரோஸிடம் சொல்லிவிட்டுக் கிண்ணங்களை அடுக்கினார்.

பிறகு ஊர் சுற்றினோம். ஒரு சுவர் ஓவியத்தின் முன் வெயிலில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் நான் துளை போட்டிருக்கிறேன். இத்தனை பேர் அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறார்கள் என்று தெரியாது. பிளாஸ்டிக் பூ சுற்றிய மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில், பாட்டு அலற, ரோஸ் என்னை ஏற்றினாள். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முதல் தெருவில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தெருவில் நிமிர்ந்துவிட்டேன். வேனில் போகும்போது முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான் தெரியும். இதில் மெதுவாகப் போகும்போது மாடி ஜன்னல்கள் தெரிந்தன. பச்சை, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றிலும் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போனோம். வெளியிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், உள்ளே போனதில்லை. ரோஸுக்குப் போர்த்திக்கொள்ள அங்கி கொடுத்தார்கள். செருப்பு விடும் இடத்தில் நின்ற வெள்ளைத் தொப்பிக்காரர், நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு அருகில் வந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"திருச்சிங்க," என்றாள் ரோஸ்.

அவருக்கு ஒரே சந்தோஷம். அவருடைய வாப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவராம். உள்ளே கூட்டிக்கொண்டு போய் வளைவுகளைக் காட்டினார், குளிர்ந்த தரையில் உட்கார வைத்தார். பினாங்கில் எங்கெல்லாம் போக வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போங்க, மேலேருந்து பாத்தா கடல் வரைக்கும் தெரியும். கொடிமலைக்கு ரயில்ல போங்க. துறைமுகம் பக்கம் தண்ணிக்கு மேல சீனர் வீடு கட்டியிருக்காங்க, பாருங்க. நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். இவ்வளவு அன்பாக என் ஊரைப் பற்றி எனக்கே ஒருவர் சொல்லும்போது கோபப்பட வழியில்லை. அப்புறம் அவர் சொன்னார்:

"யாராச்சும் டத்தோ கிராமாட் பக்கம் கூட்டிட்டுப் போறேன்னா போகாதீங்க. அங்க பாக்க ஒண்ணும் இல்லலா. பழைய வூடு, சாக்கட, ஜாம். அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் இல்லையா? காலைச் சந்தையில் எனக்கென்று கானாங்கெளுத்தியை ஒதுக்கி வைக்கிற மலாய் அக்கா இருக்கிறார். என் கத்தலுக்கு ஜன்னலைச் சாத்துகிற சீன அம்மா இருக்கிறார். அவர்தான் ஷெரின் பிறந்தபோது இஞ்சியும் எண்ணெயும் போட்டுக் கோழி சமைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தவர். மாதா திருநாளுக்குப் பந்தல் போடுகிற பையன்களில் பாதிப் பேர் முருக பக்தர்கள். ஒன்றும் இல்லை என்று சொல்ல இவர் யார்?

வாயைத் திறக்க முடியவில்லை. நான் திருச்சிக்காரன், முதல் முறை வந்தவன். அதைவிட, அவர் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் நான் அண்ணனிடம் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய வீடு, சாக்கடை, ஜாம். ரோஸ் அங்கியின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அங்க மீன் நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு," என்றேன்.

"அவரு அங்க குடியிருக்கிறவரா இருக்கும்," என்றார் தொப்பிக்காரர். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க."

5

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்தபோது ஷெரின் ஓட்டல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் கல்யாண நாளுக்காக முந்தின நாளே வந்து, எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று காலியாக இருந்த வீட்டில் தங்கியிருக்கிறாள். மத்தியான ரயிலில் கோலாலம்பூர் திரும்ப வேண்டும். ரயில் பட்டர்வொர்த்தில்தான் நிற்கும். தீவிலிருந்து அக்கரைக்குப் படகில் போக வேண்டும். வழியனுப்ப நாங்களும் படகில் வருகிறோம் என்றாள் ரோஸ்.

இந்தப் படகில் நான் ஏறியே பல வருடம் ஆகிறது. எனக்கு எப்போதும் வேன், பாலம். மேல்தளத்தில் காற்று அடித்தது. ஷெரின் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"பா, நான் ஒண்ணு கேக்கவா? கத்தக் கூடாது."

"நான் எப்ப கத்துனேன்?"

படகில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஷெரின் காத்திருந்தாள்.

"நீங்களும் அம்மாவும் போயிட்டா, நான் லீவுக்கு எங்க வர்றது?"

"திருச்சிக்கு வா. பெரியப்பா வீடு, நம்ம வீடு, எல்லாம் பக்கத்துல பக்கத்துல."

அவள் கொஞ்ச நேரம் தமிழைப் பொறுக்கினாள். இந்த முறை நான் அவசரப்படுத்தவில்லை.

"வரேன் பா. எனக்குத் திருச்சி பிடிக்கும். ஆனா அங்க நான் டூரிஸ்ட்தானே. மலைக்கோட்டை பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு, திரும்பிடுவேன்." கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரயில்ல வரப்பெல்லாம் தூங்கிட்டே வருவேன். போட்ல ஏறினதும் முழிச்சிக்குவேன். இங்கேருந்து பாத்தா வீடு தெரியாது. ஆனா அந்தப் பக்கம்தான் இருக்குன்னு தெரியும்லா."

அவள் மடியில் இருந்த பையை நான் வாங்கிக்கொண்டேன்.  அக்கரையில் இறங்கி அவளை ரயிலில் ஏற்றினோம். போகும்போது என் பூச்சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுப் போனாள். அவள் தமிழ் போதாது என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதற்கு அது போதுமாகத்தான் இருந்தது.

திரும்பும் படகில் நானும் ரோஸும் மட்டும். அப்போதுதான் ஊரின் முகத்தைக் கடலிலிருந்து பார்த்தேன். பின்னால் பச்சை மலை, அதன் முன் கொம்தார் என்கிற உயரக் கட்டடம், அதற்கும் முன்னால் தாழ்ந்த சிவப்பு ஓட்டுக் கூரைகள் தண்ணீர் வரைக்கும். படகு நெருங்க நெருங்க, கட்டடங்களின் பக்கச் சுவர்களிலும் கூரைகளிலும் வெள்ளைப் பெட்டிகள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் ஏசியின் வெளிப்பெட்டிகள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மஞ்சக் கட்டடம் தெரியுதா? அந்த மூலையில இருக்கே, அது நான் ஏத்துனது. அந்த வங்கிக் கட்டடத்துல மூணு. அதோ அந்த ஓரத்துல சாஞ்சி நிக்குதே, அது நான் இல்ல, வேற எவனோ. நான் போட்டா சாயாது."

எனக்கு முன்னால் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதி நான் ஏதோ சரித்திரச் சின்னத்தைக் காட்டுகிறேன் என்று நினைத்து அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.  ரோஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நான் காட்டிய ஒவ்வொரு பெட்டியையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

6

திங்கட்கிழமை காலை ஓட்டலைக் காலி செய்தோம். நிபந்தனை முடிந்தது. நான் வீட்டுக்குப் போய் வேனை எடுத்துக்கொண்டு, ஏணியும் கருவிப் பெட்டியுமாகத் திரும்பினேன். பின்சந்துக்குப் போகவில்லை. செதுக்கிய கதவு வழியாக ஏணியைப் படுக்கை வசத்தில் கொண்டுபோனேன். காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐரோப்பியர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். எவருக்கும் அழகு கெட்டதாகத் தெரியவில்லை. வரவேற்பறைப் பெண் என்னைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள், தங்கியவர் பட்டியலைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியிலிருந்து செல்வி அக்கா எட்டிப் பார்த்து, "மொதலாளி வர்றாரு, வழி விடுங்கலா," என்றார்.

மாடி அறையில் தண்ணீர்க் குழாய் அடைத்திருந்தது. எந்தக் கழுதை இப்படிச் சுத்தம் செய்தான் என்று பார்த்தால், மூன்று மாதம் முன்பு வந்த கழுதை நான்தான். சரி செய்தேன். கோபக்கார விருந்தினருக்குத் திருப்தி.

அங்கிருந்து ரோஸை ஏற்றிக்கொண்டு காதர் கடைக்குப் போனபோது மத்தியானம் நெருங்கியிருந்தது. இன்னும் எதுவும் அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்று தன் தட்டை வாங்கிக்கொண்டாள். காதர் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் சின்னக் கிண்ணங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

"கிண்ணம் வேணாம். மேல ஊத்துங்க," என்றேன்.

"எத ஊத்த?"

"எல்லாத்தையும்."

காதரின் கரண்டி சட்டியின் விளிம்பில் நின்றது. "சார் எந்த ஊரு?" என்றார்.

"டத்தோ கிராமாட்."

அவர் ஊற்றினார். மீனும் ஆடும் கோழியும் பருப்பும் ஒன்றாக வழிந்து தட்டின் விளிம்பு வரைக்கும் வந்தன. திரும்பினால் ரோஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்கிறாள். பின்னால் நின்ற சீனர் நகரச் சொல்லியும் நகரவில்லை. என் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வேகமாகப் போய், சுவரைப் பார்த்தபடி இருந்த மேசையில் உட்கார்ந்துகொண்டாள். எதிரில் நான் உட்கார்ந்ததும், "காரம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அவள் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

சோறு நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். காதர் படித்துவிட்டுக் கேலி செய்வார்.

கை முழுக்கக் குழம்பாக இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார். இடது கையால் எடுத்தேன்.

"என்னடா, சரின்னு சொல்லிடவா?"

"வேணாம்ணே. வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கள் குடும்பத்தில் சத்தம் இல்லை என்றால் பெரிய சத்தம் வரப் போகிறது என்று அர்த்தம். அதற்குள் முந்திக்கொண்டேன்.

"நீங்களும் அண்ணியும் கெளம்பி வாங்க. வீசா, டிக்கெட் எல்லாம் நான் பாத்துக்கிறேன். ஊர நான் சுத்திக் காட்டுறேன். ஆனா நம்ம வீட்டுல தங்கக் கூடாது. ஓட்டல்ல ரூம் போடுறேன், அங்கதான் தங்கணும்."

"வீடு இருக்கும்போது ஓட்டல் எதுக்குடா?" அண்ணன் கத்த ஆரம்பித்தார். "காசு குடுத்து எவனாச்சும் அடுத்தவன் கட்டில்ல போய்ப் படுப்பானா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

பக்கத்து மேசைக்கும் கேட்டது. நான் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"அண்ணன் என்னா சொல்றாரு?" என்றாள் ரோஸ்.

"வர்றாரு," என்றேன்.